டெர்ரியின் குதிரைப்படையும் ஒரு கரும்புத் தோட்டமும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபிக்காரர் சொல்வதை மட்டும் தட்டாமல் செய். மாடிப்படியில் வீரத்தைக் காட்டினால் அப்புறம் தங்கச்சிதான் அவதிப்பட வேண்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி இப்போது என்னிடம் தமிழில் சண்டை போடுகிறாள். இங்கிலீஷில் போட்டால் நான் பதில் சொல்வதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

மகள் வீட்டில் பொழுதை எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். காலையில் நடை, மத்தியானம் நூலகம். இந்த சுகர்லேண்ட் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, பிராசோஸ் ஆற்றோரம் இருக்கிறது. நம் ஆட்களும் தெலுங்குக்காரர்களும் குஜராத்திகளும் தெருவுக்குத் தெரு. இன்றைக்குப் பங்களாவும் மாலுமாக இருக்கிற இடம் ஒரு காலத்தில் முழுக்கக் கரும்பு. அந்தக் கரும்புத் தோட்டத்து முதலாளி ஒருவரைப் பற்றி நூலகத்தில் படிக்க ஆரம்பித்தேன். அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு குதிரைப்படைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். உன்னோடு எனக்கு ஒரு பழைய வாதம் பாக்கியிருக்கிறதே, அதற்கும் இதில் தீனி இருக்கிறது. "சிப்பாய்க்கு என்னடா தெரியும், மேலே இருப்பவன் போ என்றான், போனான்" என்பாயே, அந்த வாதம்.

முதலாளியின் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின் டெர்ரி. கெண்டக்கியில் 1821இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே ஓடியபோது இவரும் ஓடினார். திரும்பி வந்து, கைல் என்ற கூட்டாளியோடு சேர்ந்து 1850களில் இங்கே கரும்புத் தோட்டம் வாங்கினார். தோட்டத்தில் உழைத்தவர்கள் எல்லோரும் அடிமைகள். 1860 கணக்கெடுப்பில் டெக்சஸில் மட்டும் 1,82,566 அடிமைகள். மாநிலத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1861 தொடக்கத்தில் மற்ற தெற்கு மாநிலங்களைப் போல டெக்சஸும் அமெரிக்காவை விட்டுப் பிரிந்து போனபோது அதற்கான காரணங்களை அச்சிட்டே வெளியிட்டார்கள். சுற்றி வளைக்கவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். பிரிவது என்று முடிவெடுத்த மாநாட்டில் டெர்ரியும் ஒரு பிரதிநிதி.

பிரிந்துபோன தெற்குக்கும் வடக்குக்கும் போர் மூண்டதும் டெர்ரியும் ஹூஸ்டன்காரர் தாமஸ் லப்பக்கும் வர்ஜீனியாவுக்குப் போய் முதல் பெரிய சண்டையான மனாசஸில் தொண்டர்களாக நின்றார்கள். தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் குதிரைப்படை திரட்ட அனுமதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1861 செப்டம்பரில் ஹூஸ்டனில் 10 கம்பெனிகள், சுமார் 1,170 பேர் சேர்ந்துவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் இது 8ஆவது டெக்சஸ் குதிரைப்படை. மக்கள் வாயில் டெர்ரியின் டெக்சஸ் ரேஞ்சர்கள். இங்கேதான் உன் வாதம் இடிக்கிறது, மாப்பிள்ளை. இவர்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பலர் தோட்டக்காரர்கள், வக்கீல்கள் வீட்டுப் பிள்ளைகள், படித்தவர்கள். துப்பாக்கி, ரிவால்வர், கத்தி, சேணம், கம்பளி எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு என்று இல்லை, போர் முடிகிற வரைக்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

நாம் இரண்டு பேரும் சரித்திர நாவல்களைப் படித்துக் குதிரை என்றாலே கிறங்கிப்போகிற ஜாதி. ஆனால் இந்தக் குதிரைப்படை புறப்பட்டதே குதிரை இல்லாமல். குதிரையைப் போகிற இடத்தில் தருவார்கள் என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு, லூயிசியானாவின் சதுப்பு நிலத்தில் சேற்றை மிதித்து நடந்தே போனார்கள். வர்ஜீனியா போக வேண்டியவர்களை ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் என்ற தளபதி கெண்டக்கிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே குளிர்காலம். கூடாரத்துக்குக் கூடாரம் அம்மை, காய்ச்சல். ஒரு எதிரியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எத்தனையோ பையன்கள் படுத்துவிட்டார்கள்.

முதல் சண்டை 1861 டிசம்பர் 17ஆம் தேதி, கிரீன் ஆற்றங்கரையில், ரௌலட்ஸ் ஸ்டேஷன் என்ற ரயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலத்தைத் தெற்குப் படை உடைத்திருந்தது. வடக்குப் படை அதைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்றது 32ஆவது இண்டியானா காலாட்படை, முழுக்க ஜெர்மன்காரர்கள். டெர்ரியின் ஆட்கள் பாய்ந்து வந்தபோது ஜெர்மன்காரர்களில் ஒரு பகுதியினர் சதுரமாக அணிவகுத்து, நாலு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். குதிரைப்படையைச் சமாளிக்கிற பழைய ஐரோப்பிய வித்தை. டெர்ரி அங்கேயே குண்டடிபட்டு இறந்தார். பிறந்த மாநிலத்திலேயே, முதல் சண்டையிலேயே. இரண்டு தரப்பும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

உனக்குப் பிடித்த ஒரு சங்கதி: அந்த ஜெர்மன் படையின் கர்னல் ஆகஸ்ட் வில்லிஷ், 1848 ஜெர்மன் புரட்சியில் கலந்துகொண்ட கம்யூனிஸ்ட். 1849இல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் நடந்த சண்டையில் அவருக்கு உதவி அதிகாரியாக இருந்தவர் நம் எங்கெல்ஸ்! பிற்பாடு மார்க்ஸோடு மனஸ்தாபமாகி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஒரு பக்கம் அடிமைகளை வைத்துக் கரும்பு சாகுபடி செய்தவர் திரட்டிய படை, மறுபக்கம் மார்க்ஸோடு சண்டை போட்டவரின் படை. இதை ஒரு கதையில் எழுதினால் நீயே நம்பமாட்டாய். இறந்த தோழர்களுக்காக ப்ளோட்னர் என்ற ஜெர்மன் சிப்பாய் அடுத்த சில வாரங்களிலேயே சுண்ணாம்புக் கல்லில் கழுகும் பீரங்கியும் ஜெர்மன் எழுத்தும் செதுக்கி நினைவுக்கல் நட்டார். அந்தப் போருக்கான நினைவுச் சின்னங்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். மழையிலும் வெயிலிலும் கரைந்துபோய், இப்போது லூயிவில்லில் ஒரு அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

டெர்ரிக்குப் பிறகு கர்னலான லப்பக் ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்தார். சில வாரங்களில் அவரும் போய்விட்டார். அடுத்து வந்த ஜான் வார்ட்டன் ஒரு வக்கீல். ஷைலோ, பெரிவில், மர்ஃப்ரீஸ்பரோ, சிக்கமாகா என்று வரிசையாகப் போன சண்டைகளை எல்லாம் எழுதினால் உனக்குத் தூக்கம் வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஷைலோவில் இரண்டு நாள் அடித்துக்கொண்டு தெற்குப் படை பின்வாங்கிய மறுநாள், 1862 ஏப்ரல் 8. வடக்குத் தளபதி ஷெர்மன் பின்னாலேயே துரத்தி வருகிறார். வழியில் வெட்டிப்போட்ட மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிற ஒரு வெளி. பின்காவலுக்கு நின்ற தெற்குக் குதிரைப்படை அதிகாரி ஃபாரஸ்ட்டிடம் முந்நூற்றுச் சொச்சம் குதிரைவீரர்கள். அதில் ரேஞ்சர்களும் உண்டு. ஷெர்மனின் முன்வரிசை மரங்களைத் தாண்டித் தாண்டி ஒழுங்கு குலைந்த நேரம் பார்த்துப் பாய்ந்தார்கள். இவர்கள் வாள் வீசுகிற ஆட்கள் இல்லை. முயல் வேட்டைக்கு வைத்திருந்த அதே இரட்டைக்குழல் துப்பாக்கியில் ரவையை நிரப்பி, எதிரியின் முகம் தெரிகிற தூரம் வரும்வரை விரலை அடக்கி வைத்திருந்து, இரண்டு குழலையும் காலி செய்வார்கள். உடனே துப்பாக்கியைச் சேணத்தில் மாட்டிவிட்டு ரிவால்வர். அந்த நெருக்கத்தில் குறிபார்க்கத் தேவையே இல்லை. ஷெர்மனே அன்று சிக்கியிருக்க வேண்டியவர். ஃபாரஸ்ட் ஆத்திரத்தில் தன் ஆட்களை விட்டுத் தனியாக முன்னே போய், முதுகெலும்புக்குப் பக்கத்தில் குண்டு வாங்கிக்கொண்டு தப்பினார். போருக்கு முன்பு மெம்ஃபிஸில் அடிமைகளை வாங்கி விற்ற வியாபாரி இந்த ஃபாரஸ்ட். போருக்குப் பின் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் முதல் தலைவர். ஆள் கெட்டிக்காரர்தான். அதைச் சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

இன்னொரு நடைமுறை விஷயம் எனக்குப் புதிது. தெற்குக் குதிரைப்படையில் பொதுவாகக் குதிரை சிப்பாயின் சொந்தச் சொத்து. அரசாங்கம் ஒரு நாளைக்கு 40 சென்ட் வாடகை மாதிரி தரும். சண்டையில் குதிரை செத்தால் பணம் உண்டு. நொண்டியானாலோ பட்டினியில் விழுந்தாலோ ஒன்றும் கிடையாது, வேறு குதிரை அவன் பாடு. போர் நீள நீள வேறு குதிரை எங்கிருந்து வரும்? கண்ணில் பட்ட லாயத்திலிருந்துதான். 1864இல் ஜார்ஜியாவில் வீலர் என்ற தெற்குத் தளபதியின் தலைமையில் திரிந்த குதிரைப்படைக்கு, ரேஞ்சர்களும் அதில் அடக்கம், சொந்த ஜனங்களிடமே கொள்ளைக்காரர்கள் என்ற பெயர். வசதியான வீட்டுப் பையன்கள் பலர் சமைக்கவும் குதிரையைத் தேய்க்கவும் ஒரு அடிமையைக் கூடவே அழைத்துப் போவது தெற்குப் படையில் வழக்கம். அவர்களும் அதே சேற்றில், அதே குளிரில் நடந்தவர்கள்தான். படைப்பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது.

கடைசிப் பெரிய பாய்ச்சல் வட கரோலினாவில், பென்டன்வில்லில், 1865 மார்ச் 21. வடக்குப் படையின் ஒரு பிரிவு உள்ளே புகுந்து, தெற்குப் படை தப்பிக்க இருந்த ஒரே பாலத்தை நெருங்கிவிட்டது. ஹார்டி என்ற ஜெனரல் கையில் கிடைத்த ஆட்களை எல்லாம் திரட்டி எதிர்த் தாக்குதல் நடத்தினார். ரேஞ்சர்கள் அதில் பாய்ந்தார்கள். பாலம் தப்பியது. ஹார்டியின் ஒரே மகன் வில்லி, 16 வயது, ரேஞ்சர்களோடு சேர வேண்டும் என்று அப்பாவைப் படுத்தி எடுத்து அப்போதுதான் சேர்ந்திருந்தான். முன்வரிசையில் போனான், மார்பில் குண்டு, சில நாளில் முடிந்துவிட்டது. ஹார்டி எழுதிய பயிற்சிப் புத்தகத்தை வைத்துத்தான் இரண்டு தரப்புமே சிப்பாய்களைப் பழக்கின. எதிர்ப்பக்கத் தளபதி ஹோவர்டோ, ராணுவக் கல்லூரியில் இருந்த காலத்தில் இந்தப் பையனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 6ஆம் தேதி, வார்ட்டன் ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையில் செத்தார். எதிரி யாரும் சுடவில்லை. அதே தெற்குப் படையின் கர்னல் பேய்லர், ராணுவ விவகாரத்தில் வாய்த்தகராறு முற்றிச் சுட்டுவிட்டார். வார்ட்டன் கையில் அப்போது ஆயுதமே இல்லை. மூன்றே நாளில் தெற்கின் தலைமைத் தளபதி லீ சரணடைந்தார். அந்த மாதக் கடைசியில் இவர்களுடைய சேனையும் சரணடைந்தபோது ரேஞ்சர்களில் மிச்சமிருந்தது 250 பேர் அளவில்தான். அவர்களிலும் பெரும்பாலோர் சரணடையப் பிடிக்காமல் இரவோடு இரவாக நழுவி டெக்சஸ் பக்கம் போய்விட்டார்கள்.

ஜூன் 19ஆம் தேதி கால்வெஸ்டனில் அடிமைகள் விடுதலை என்று வடக்கு ஜெனரல் ஆணை படித்தார். மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரச் சொச்சம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கதை அத்தோடு முடியவில்லை. 1878லிருந்து டெக்சஸ் அரசாங்கம் தன் சிறைக் கைதிகளைக் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு கரும்பு முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. பெரும்பாலும் கறுப்பர்கள். சின்னக் குற்றத்துக்குப் பிடித்து, வெட்டு கத்தியைக் கையில் கொடுத்து இதே வயலில் இறக்கினார்கள். 2018இல் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அப்படிப்பட்ட 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெயர்ப் பலகை, கல், ஒன்றும் இல்லை. டெர்ரியின் பெயரில் ஒரு கவுன்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, லப்பக்கின் பெயரில் ஒரு கவுன்டியும் பெரிய நகரமும், ரேஞ்சர்களுக்கு ஆஸ்டினில் சட்டமன்ற வளாகத்திலேயே 1907இல் வைத்த வெண்கலக் குதிரை. சிற்பி கோப்பினி நல்ல கைக்காரர், குதிரையில் குறை சொல்ல முடியாது.

அந்தப் பையன்களின் தைரியத்தை நான் மறுக்கவில்லை, மாப்பிள்ளை. நாலு குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் போனார்கள் என்பதை மட்டும் இந்தப் படை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். 16 வயசு வில்லியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பாய். அங்கேதான் நானும் தடுமாறுகிறேன். நாற்பது வருஷம் பதினொன்றாம் வகுப்புப் பையன்களோடு மல்லுக்கட்டியவன் நீ, நீயே எழுது.

மருமகன் அடுத்த மாதம் ஆஸ்டினுக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிடுவேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். சங்கத்துச் சந்தாவை எனக்கும் சேர்த்து நீயே கட்டிவிடு, வந்து தருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்