தூரத்து மலைக்கு என்ன நிறம்

நக்கர், குலு பள்ளத்தாக்கு
செப்டம்பர் 30

அன்புள்ள ராசாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நேற்று மதியம் இங்கே வந்து இறங்கினோம். வழியில் முதல் தேவதாருக் காட்டைப் பார்த்ததும் உன் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் ஒரு மரத்தைத் தொட்டுவிட்டு வந்தார். இதுவரை சுற்றிவந்த ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் ஆற்றோரத்தில் நட்டு வளர்த்த நாலு மரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. மரத்துக்கு மனுஷன் இப்படி ஏங்குவான் என்று எனக்குத் தெரியாது.

போனில்தான் எல்லாம் பேசிவிட்டோமே என்பாய். பேசியது அப்பா. ரோடு, டிரைவர், ரொட்டி, தபால் நிலையம் என்று அவர் பங்கைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். என் பங்கு பாக்கி இருக்கிறது. அதைப் போனில் சொல்லவும் எனக்கு வராது.

இந்தப் பயணமே அவருடைய ஆசைதான். 34 வருஷம் தபால் இலாகாவில் முத்திரை குத்தின மனுஷர். ஸ்பிட்டியில் ஹிக்கிம் என்ற ஊரில் சுமார் 14,400 அடி உயரத்தில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது, உலகத்திலேயே உயரமான தபால் நிலையங்களில் ஒன்று என்று எங்கேயோ படித்துவிட்டு, ரிட்டயர் ஆன நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே என்ன வேலை? சரி, அவர் தபால் நிலையத்தைப் பார்க்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து மலையை வரைகிறேன் என்று கிளம்பினேன்.

டிராயிங் டீச்சரம்மாவுக்கு இதில் என்ன புதுசு என்று நினைக்காதே. ஓவியத்தில் ஹையர் கிரேடு பரீட்சை முடித்தேன், டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சி முடித்தேன், 31 வருஷம் பெண்கள் பள்ளியில் கரும்பலகையில் மலை போட்டேன். எல்லாம் காலண்டரைப் பார்த்தும், நம் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்த குற்றால மலையை நினைவில் வைத்தும் போட்டவை. ரோட்டோரத்தில் ஸ்டூல் போட்டு, நாலு பேர் பார்க்க உட்கார்ந்து வரைந்ததே இல்லை. என் காலத்தில் தென்காசியில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்திருந்தால் படத்தை யார் பார்த்திருப்பார்கள்? அவளைத்தான் பார்த்திருப்பார்கள். 62 வயதில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிழவியாவதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

கொண்டுபோனது இவ்வளவுதான்: பன்னிரண்டு கட்டி உள்ள வாட்டர்கலர் பெட்டி, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை எட்டாக வெட்டிய துண்டுகள், ஒரு பிளைவுட் பலகை, நாலு கிளிப், மூன்று பிரஷ், தண்ணீருக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அப்புறம் உன் அப்பா. அவர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

டாக்டர் மெதுவாக ஏறச் சொல்லியிருந்ததால் சிம்லா வழியாகப் போனோம். ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காஜா என்று ஒவ்வொரு ஊரிலும் தங்கித் தங்கி. கல்பாவில் விடுதி வாசலிலேயே கின்னர் கைலாச மலை நிற்கிறது. நடுவில் சட்லெஜ் பள்ளத்தாக்கு, ஆப்பிள் தோட்டம், தேவதாருக் காடு. அங்கே மூன்று படம் போட்டேன். மூன்றும் நன்றாக வந்தன. முன்னால் இருக்கிற காடு அடர் பச்சை, அடுத்த வரிசை சாம்பல் கலந்த பச்சை, கடைசி வரிசை வெளிறிய நீலம். 31 வருஷம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே கண் முன்னால் நின்றது. உனக்கும் ஞாபகம் இருக்கும்: பக்கம் அழுத்தம், தூரம் வெளிறல், தூரம் போகப் போக நீலம். லியோனார்டோ டா வின்சியே தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்த சங்கதி இது. இவ்வளவுதானா இமயமலை என்று ஒரு திமிரே வந்துவிட்டது எனக்கு.

காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜோடு வந்து சேர்கிறது. அதைத் தாண்டினால் பச்சை போய்விடுகிறது. பருவமழை மேகமெல்லாம் தெற்குப் பக்கத்து மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் அந்தப் பக்கம் மழை மிகக் குறைவு. எங்கே பார்த்தாலும் மொட்டை மலை. மொட்டை என்றதும் ஒரே நிறம் என்று நினைக்காதே. கருஞ்சிவப்பு, காவி, சாம்பல், கத்தரிப்பூ, துருப்பிடித்த இரும்பு, எல்லாம் பட்டை பட்டையாக. ஒருகாலத்தில் கடலுக்கடியில் படிந்த மண் அது. லாங்சா கிராமத்தில் சுருள் சுருளாகக் கல்லாகிப்போன கடல் பிராணிகளைக் காட்டினார்கள். உன் ஆச்சி பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமம் இருக்கிறதே, அதே ஜாதி.

இந்த இடத்தில்தான் என் பாடம் படுத்தது.

முதலில் தண்ணீர். நம் ஊர்ச் சாரலில் ஒரு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சு, போட்டால் காய்வதற்குள் சமையலை முடித்துவிடலாம். இங்கே பிரஷை நனைத்துக்கொண்டு திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. வானத்தை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு போனால் நடுவிலேயே கோடு விழுந்துவிடும். காஜாவில் மருந்துக்கடையில் கிளிசரின் கேட்டு வாங்கித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் வாஷ் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. அடுத்தது வெயில். வெள்ளைத் தாள் கண்ணைக் குத்துகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் நிறமெல்லாம் பொய். அதற்குத்தான் அப்பா. ஒன்றரை மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி 36 வருஷத்தில் எனக்கு அவர் குடை பிடித்தது இதுதான் முதல் தடவை. அதையும் டிரைவரிடம் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. பெரிய தொல்லை தூரம்.

தங்கர் என்ற ஊரில் மடாலத்துக்குக் கீழே உட்கார்ந்து, பள்ளத்தாக்கைத் தாண்டி நிற்கிற மலைத்தொடரை வரைந்தேன். கடைசி வரிசைக்கு வழக்கம்போல நீலம் கரைத்துப் போட்டேன். படம் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது தங்கர் இல்லை. செங்கோட்டைப் பக்கம் எங்கேயாவது வாங்கின வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “நல்லாத்தானே இருக்கு” என்றார். அவருக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

மறுநாள் லாங்சா. ஊருக்குப் பின்னால் சௌ சௌ காங் நில்டா என்ற சிகரம், 6,303 மீட்டர். புழக்கடைச் சுவர் மாதிரி அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு மேடு. பத்து நிமிஷத்தில் ஏறிவிடலாம் என்று கிளம்பின அப்பா முக்கால் மணி நேரம் நடந்தும் மேட்டின் அடிவாரத்தைத் தொடவில்லை, மூச்சு வாங்கித் திரும்பி வந்துவிட்டார். அந்த உயரத்தில் நம் ஊரில் கிடைப்பதில் அறுபது சதவீதம் காற்றுதான்.

நான் வரைய உட்கார்ந்தேன். பட்டாணி வயல் பக்கமிருந்து ஒரு பையன் வந்து பின்னால் நின்றான். பத்து வயசு இருக்கும். மூக்கில் சளி, கன்னமெல்லாம் வெயிலில் வெடித்துச் சிவந்திருந்தது. நான் தூரத்து மலைக்கு நீலம் தொட்டதும் ‘உச்’ கொட்டினான். திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டி மலையைக் காட்டினான். அப்புறம் என் தாளைக் காட்டினான். இல்லை என்று தலையாட்டினான். எனக்கு இந்தி அரைகுறை, அவன் பேசியது இந்தியே இல்லை. ஆனாலும் புரிந்தது. மறுபடி பார்த்தேன். ராசா, நீலமே இல்லை. அத்தனை தூரத்திலும் மலை பழுப்பாக, பக்கத்துக் குன்றைவிட அழுத்தமாக, ஒவ்வொரு மடிப்பும் கத்தி கொண்டு கீறினது போல நிற்கிறது. நான் மலையைப் பார்க்காமல் என் பாடத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் தெரியாதவள் இல்லை நான். வெயில் காற்றில் பட்டுச் சிதறும்போது நீலம்தான் அதிகம் சிதறும். நமக்கும் மலைக்கும் நடுவில் காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம், ஈரம் எவ்வளவோ அவ்வளவு வெளிறல். அந்த நீலம் மலையுடையது அல்ல, நடுவில் நிற்கிற காற்றினுடையது. குற்றாலத்தில் அந்தக் காற்று தண்ணீர் குடித்த காற்று. லாங்சாவில் காற்றும் மெலிவு, ஈரமும் இல்லை, தூசியும் குறைவு. மலையை மறைக்க நடுவில் ஆளே இல்லை. பள்ளிக்கூடத்தில் காரணத்தையும் சொல்லித்தான் கொடுத்தேன். காரணம் மாறினால் நிறமும் மாறுமே என்று மட்டும் தோன்றவில்லை.

பிறகு தூரத்துக்குப் போடுகிற நீலத்தை மூடிவைத்துவிட்டு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, எல்லோ ஆக்கர் என்கிற மஞ்சள் காவி, பழுப்பைச் சாம்பலாக்க மட்டும் துளி அல்ட்ராமரைன் நீலம், இந்த மூன்றிலேயே போட்டேன். தூரத்தைக் காட்ட வேறு வழி தேட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் அது வீடு. அந்த வீடு எவ்வளவு சிறிசோ மலை அவ்வளவு பெரிசு. மேகத்தின் நிழல் ஒரு சரிவில் விழுந்து அடுத்த சரிவில் விழாமல் இருந்தால் நடுவில் பள்ளம் இருக்கிறது என்று தெரியும். பையன் கடைசிவரை நின்று பார்த்தான். பாராட்டெல்லாம் இல்லை. முடிந்ததும் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் உன் ஏழாம் வகுப்புப் படம் ஞாபகம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதற்காக வீட்டில் உட்கார்ந்து மலை வரைந்தாய். பக்கத்துக் குன்றையும் பின்னால் நிற்கிற மலையையும் ஒரே பழுப்பில், ஒரே அழுத்தத்தில் போட்டிருந்தாய். தப்பு என்றேன். “எனக்கு அப்படித்தாம்மா தெரியுது” என்றாய். நான் பேசாமல் உன் கையிலிருந்து பிரஷை வாங்கி, பிரஷ்யன் நீலத்தில் தோய்த்து, உன் மலை மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். பிரஷ்யன் நீலம் தாளில் ஏறிவிட்டால் இறங்காது. நீ ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாய்.

நீ வரைவதை விட்டதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. உனக்கு அந்த வருஷம் கிரிக்கெட் பைத்தியம் பிடித்தது, அது வேறு கதை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நீ வரைந்தது லாங்சா மலையை இல்லை, குற்றால மலையை. அது நீலம்தான். ஊருக்கு வரும்போது மாடியில் ஏறிப் பார். நிறத்தில் நான் சொன்னது சரி, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் தாளில் கை வைத்ததுதான் தப்பு. அந்தப் பையன் விரலை நீட்டினானே தவிர என் பிரஷைத் தொடவில்லை. அந்தத் தாளில் எது எப்படி இருக்க வேண்டும் என்பது உன் பாடாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இன்று காலையில் இங்கே ரோரிக் வாழ்ந்த வீட்டைப் பார்த்தேன். ரஷ்யாக்காரர், ஓவியர். 1928இல் இந்த ஊரில் குடியேறி 1947இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து இமயத்தை வரைந்துகொண்டே இருந்தவர். டெம்பரா என்கிற வண்ணத்தில், சிகரமெல்லாம் கூர்மையாக, நீலமும் ஊதாவும் பளிச்சென்று. அச்சில் பார்த்தபோது ஏதோ கற்பனை, சாமியார்த்தனமான படம் என்று ஒதுக்கியிருக்கிறேன். ஸ்பிட்டியைப் பார்த்துவிட்டு வந்து நின்றால், அந்த ஓரங்கள் கற்பனை இல்லை என்று தெரிகிறது. அந்த நீலம் மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

நான் ஊர்ப்பெருமையும் பேச வேண்டுமே. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1789இல் கார்வால் மலையில் இருக்கிற ஸ்ரீநகர் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை) வரை போய் வரைந்தார்கள். அதே ஆட்கள் 1792இல் நம் குற்றாலத்துக்கும் வந்தார்கள். இமயத்தில் இருந்து குற்றாலம் வந்தார்கள் அவர்கள், குற்றாலத்தில் இருந்து இமயம் வந்தேன் நான். அவர்களுக்குப் பல்லக்கு, எனக்கு உன் அப்பா.

ஹிக்கிமில் உனக்கு ஒரு அட்டை போட்டிருக்கிறோம். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று அப்பா மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அது இந்தக் கடிதத்துக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். இதோடு லாங்சா படம் ஒன்றை வைத்திருக்கிறேன். மறுநாள் விடியற்காலையில் போய் இன்னொரு முறை வரைந்தது. குளிரில் விரல் மடங்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலில் ஐஸ் பிடித்திருந்தது, பிரஷ் காம்பால் உடைத்துவிட்டுத்தான் தொட்டேன். வானத்தில் இடது ஓரத்தில் கோழி இறகு மாதிரி ஒரு தடம் தெரியும் பார். அது நான் போட்டது இல்லை. வாஷ் காய்வதற்குள் தாளிலேயே உறைந்துவிட்டது. அழித்துவிடலாமா என்று நினைத்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா