ஏழாவது சீசனோடு நிறுத்திவிட்ட நண்பருக்கு

அன்பு நண்பர் ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கும் எல்லோரும் நலம்.

பேய் பிசாசுகளை வேட்டையாடும் அண்ணன் டீன், தம்பி சாம் இருவரின் கதையான சூப்பர்நேச்சுரல் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஏழாவது சீசனோடு நிறுத்திவிட்டதாகவும், மேற்கொண்டு பார்ப்பதில் பயன் உண்டா என்றும், கதையைச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பயன் உண்டு. எட்டாவது சீசனை அண்மையில்தான் மறுபடியும் முழுமையாகப் பார்த்து முடித்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. எரிக் கிரிப்கி 2005இல் தொடங்கிய கதை, 2010 மே மாதம் ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடிலேயே முடிந்துவிட்டது. சாத்தானாகிய லூசிபரைத் தன் உடலுக்குள் தாங்கிக்கொண்டு சாம் நரகக் குழிக்குள் விழுந்த பிறகு, லூசிபரைவிடப் பெரிய எதிரிக்கு எங்கே போவது? அடுத்த இரண்டு சீசன்களைப் பொறுப்பேற்று நடத்திய செரா கேம்பிள் தேடித்தான் பார்த்தார். ஏழாவதில் மனிதரைத் தின்னும் லெவியாத்தன் என்ற பூதங்கள் வந்தன. அவற்றின் தலைவன் கோட்டும் சூட்டும் அணிந்த கம்பெனி முதலாளியாக வந்து, மக்கள் உண்ணும் சோளப்பாகில் மருந்தைக் கலக்கத் திட்டமிட்டானே தவிர, பார்க்கிற நமக்கு அச்சம் வரவில்லை. அதைவிடவும் என்னை வருத்தியது, சகோதரர்களிடம் இருந்தவை ஒவ்வொன்றாகப் பறிபோனதுதான். அவர்களுக்குத் துணைநின்ற தேவதூதன் காஸ்டியல் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கி மறைந்தான்; இம்பாலா காரை ஒளித்து வைத்துவிட்டுத் திருட்டுக் கார்களில் அலைந்தார்கள்; பத்தாவது எபிசோடில், அவர்களுக்குத் தந்தைபோல் இருந்த பாபியும் போய்ச் சேர்ந்தார். நாயகர்களை நிர்க்கதியாக்கிப் பார்ப்பது தவறான எண்ணமன்று. ஆனால் எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டதால், தொடரே நிர்க்கதியாகிவிட்டது.

எட்டாவது சீசன் 2012 அக்டோபரில் ஜெரமி கார்வரின் பொறுப்பில் தொடங்கியது. இவர் புதியவர் அல்லர். ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிந்து, ஒவ்வொரு முறையும் டீன் சாகும் அந்த மூன்றாவது சீசன் எபிசோடை நீங்கள் எத்தனையோ முறை வியந்து பேசியிருக்கிறீர்களே, அதை எழுதியவர் இவர்தான். ஆயினும் தொடக்கத்திலேயே எதையும் எதிர்பார்த்துவிட வேண்டாம். பூதங்கள் செத்தபின் போய்ச்சேரும் பர்கட்டரி என்னும் உலகில் டீன் சிக்கிக் கிடந்த ஓர் ஆண்டு முழுவதும் சாம் அவனைத் தேடவே இல்லை என்பதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. அமீலியா என்ற பெண்ணோடு அவன் வாழ்ந்த நாட்களைக் காட்டும் காட்சிகள் இழுவையாகவே இருக்கின்றன. மாறாக, பென்னி என்கிற ரத்தக்காட்டேரியை டீன் பர்கட்டரியிலிருந்து கூட்டி வருவது நல்ல முடிச்சு. வாழ்நாளெல்லாம் அந்த இனத்தின் தலையைச் சீவி வந்தவன், அவனை உடன்பிறந்தவனாகப் பார்க்கும்போது சாமுக்கு ஏற்படும் காயம் வீணாகவில்லை. கடைசி எபிசோடில்தான் அது முழுமையாக வெளிவருகிறது.

திருப்பம் பன்னிரண்டாவது எபிசோடில் வருகிறது. 1958ஆம் ஆண்டிலிருந்து ஒரு மனிதர் மோட்டல் அறையின் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். அவர் இவர்களுடைய தாத்தா ஹென்றி. அடுத்த எபிசோடில், ஹென்றி சேர்ந்திருந்த ரகசியச் சங்கம் விட்டுச்சென்ற நிலத்தடி மாளிகை இவர்கள் கைக்கு வருகிறது. அது இருக்கும் ஊர் கன்சாஸ் மாநிலத்து லெபனான். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டு அளந்தால் அமெரிக்காவின் நடுப்புள்ளி அந்தச் சிற்றூருக்கு அருகில்தான் விழுகிறது. ஊர் ஊராகத் திரிந்தவர்களுக்கு அங்கே வீடு கொடுத்தது அழகான தேர்வு. பதினான்காவது எபிசோடில் டீன் தனக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்கிறான். துப்பாக்கிகளையும் கத்திகளையும் சுவரில் மாட்டுகிறான், அம்மாவின் புகைப்படத்தை எடுத்து வைக்கிறான், உடலின் அச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் மெத்தை தன்னை நினைவில் வைத்திருப்பதாகத் தம்பியிடம் பெருமையோடு சொல்கிறான், பிறகு அடுக்களையில் பர்கர் செய்து பரிமாறுகிறான். நான்கு வயதில் வீடு தீப்பற்றி எரிவதைப் பார்த்த பிள்ளை அல்லவா அவன்! எதிரியைப் பெரிதாக்கிப் பார்த்துத் தோற்ற தொடர், அந்த ஓர் அறையில் தன் பலத்தைத் திரும்பக் கண்டுகொண்டது என்றே நான் நம்புகிறேன்.

அதே எபிசோடில்தான் நரகத்தின் வாயிலை மூடுவதற்கான மூன்று சோதனைகளில் முதலாவது வருகிறது. அவற்றைத் தானே செய்து செத்துப்போகவும் டீன் தயாராக இருக்கிறான். ஆனால் முதல் சோதனையான நரக நாயைக் கொல்வது சாமின் கையால் நடந்துவிடுகிறது. தானும் பிழைக்க வேண்டும், அண்ணனும் வாழ வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்வதாகச் சாம் சொல்கிறான். அதன்பின் எபிசோடுக்கு எபிசோட் அவன் உடல் தேய்வதும், இருமும்போது வரும் ரத்தத்தை மறைப்பதும், உலகம் அழியப்போகிறது என்ற பழைய மிரட்டலைவிட நம்மைப் பதற வைக்கின்றன.

2013 மே மாதம் ஒளிபரப்பான கடைசி எபிசோடில், பாழடைந்த தேவாலயத்தில் நாற்காலியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட குரோலிக்கு, மூன்றாவது சோதனையாகச் சாம் மணிக்கொருமுறை தன் ரத்தத்தை ஊசியில் ஏற்றுகிறான். நரகத்தின் அரசன், அதுவரை நக்கலைத் தவிர வேறெதுவும் பேசாதவன், மெல்ல மெல்ல மனிதனாகி, மன்னிப்பை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டு அழுகிறான். குரோலியாக வரும் மார்க் ஷெப்பர்டின் நடிப்பு அங்கே உச்சம். சோதனையை முடித்தால் சாம் இறந்துவிடுவான் என்று அறிந்து டீன் ஓடி வருகிறான். முன்பு செய்த பாவமன்னிப்பில், அண்ணனைத் திரும்பத் திரும்பக் கைவிட்டதையே தன் பெரும் பாவமாக ஒப்புக்கொண்டதாகச் சாம் சொல்கிறான். தன்னை விட்டு இனி யாரை நம்பப் போகிறாய், இன்னொரு தேவதூதனையா, இன்னொரு ரத்தக்காட்டேரியையா என்று கேட்கிறான். உன்னைவிட முன்னால் நான் எதையும் வைத்ததில்லை என்று டீன் பதில் சொல்லி, தம்பியின் கிழிந்த உள்ளங்கையில் துணியைச் சுற்றிக் கட்டுகிறான். எட்டு ஆண்டுகளாக இருவருக்குள்ளும் புழுங்கிக் கிடந்தது அங்கே வெளிவருகிறது. சாமாக வரும் ஜாரெட் படலெக்கியும் டீனாக வரும் ஜென்சன் ஆக்கிள்ஸும் அதற்கு முன்பு எதிலும் இவ்வளவு நன்றாகச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

பின்னால் வந்தவை எல்லாம் இதே தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் தொடங்கிய பதினோராவது சீசனின் நான்காவது எபிசோடை எப்படியும் பாருங்கள். முழு எபிசோடும் இம்பாலா காரின் உள்ளிருந்தே காட்டப்படுகிறது. சண்டைகூடக் கண்ணாடி வழியாகத் தெரிகிற அளவுதான். இரவில் முன்னிருக்கையில் ஒருவனும் பின்னிருக்கையில் ஒருவனுமாகப் படுத்துக்கொண்டு, கனவில் வந்த அப்பாவைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே முதல் பதினொரு எபிசோடுகளைப் பொறுமையாகக் கடந்து வாருங்கள். சாம் அண்ணனைத் தேடாமல் இருந்ததைப் பற்றி மட்டும் உங்கள் கருத்தை எனக்கு விரிவாக எழுதுங்கள். உங்கள் தம்பி எட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர் என்பதால், சாமின் பக்கத்து நியாயம் என்னைவிட உங்களுக்குத் தெளிவாகப் புலப்படலாம்.

அன்புடன்,
வேலாயுதம்