பாஸ்டன் பிளாக்கிக்கு ஓர் இடம் கொடுங்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியத்தினருக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் 25 படங்களை, பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான உங்கள் பதிவேட்டில் சேர்க்கிறீர்கள். பொதுமக்களும் பரிந்துரைக்கலாம் என்று நீங்களே சொல்வதால் துணிந்து கேட்கிறேன். 1941இல் கொலம்பியா பட நிறுவனம் வெளியிட்ட ‘மீட் பாஸ்டன் பிளாக்கி’ படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரப் படம்தான். பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காகச் சிக்கனமாக எடுத்தது. திருந்திய நகைத் திருடன் பிளாக்கி கப்பலில் நியூயார்க் வருகிறான். அவன் அறையில் ஒரு பிணம் கிடக்கிறது. பழி யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம். அப்புறம் கோனி தீவின் கேளிக்கைப் பூங்கா, உளவாளிகள், துரத்தல். உளவாளிக் கதையில் சரக்கு கம்மிதான், அதை மறைக்கவில்லை.

ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. குற்றம் செய்தவன் திரையில் தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் பெரும்பாலான படங்கள் கைதோடும் சாவோடும் முடிந்துவிடும். இதுவோ தண்டனைக்குப் பிறகான வாழ்க்கையில் தொடங்குகிறது. இன்ஸ்பெக்டர் ஃபாரடேக்குப் பிளாக்கியைப் பிடிக்கும், ஆனால் நம்பமாட்டார். எங்கே எது நடந்தாலும் முதல் சந்தேகம் இவன்மேல்தான். 1949 வரை 14 படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் தான் நிரபராதி என்று நிரூபிக்கிறான். அடுத்த படத்தில் மறுபடி முதலிலிருந்து! இதைப் பிளாக்கியாக நடித்த செஸ்டர் மாரிஸ் சிரித்த முகத்தோடு செய்வதால்தான் உறுத்துகிறது. ஒருமுறை சிறைக்குப் போனவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இந்தப் பாத்திரத்தைப் படைத்த ஜாக் பாயிலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1914இல் பிளாக்கி கதைகள் பத்திரிகையில் வரத் தொடங்கியபோது அவர் போட்டுக்கொண்ட புனைபெயர், ‘எண் 6606’ என்ற கைதி எண்.

இயக்குநர் ராபர்ட் ஃப்ளோரி உங்களுக்குப் புதியவர் அல்ல. நூறு டாலருக்கும் குறைவான செலவில் அவர் 1928இல் இணைந்து இயக்கிய ‘9413’ குறும்படத்தை 1997இல் பதிவேட்டில் சேர்த்தீர்கள். அதே ஆண்டில் ‘தி தின் மேன்’ படத்துக்கும் இடம் கிடைத்தது. அது பணக்காரத் தம்பதியின் துப்பறியும் விளையாட்டு. நல்ல படம், மறுக்கவில்லை. ஃப்ளோரியும் ஒளிப்பதிவாளர் ஃபிரான்ஸ் பிளானரும் சின்ன பட்ஜெட்டில் கோனி தீவுக் காட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் இருட்டையும் கொஞ்சம் பாருங்கள். பின்னாளில் ‘நுவார்’ என்று கொண்டாடப்பட்ட, நிழலும் இருளும் நிறைந்த குற்றப்பட பாணியின் சாயல் அதில் தெரியும். மலிவுப் படம் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்காது. ‘டீடூர்’ படத்தை 1992இலேயே சேர்த்தவர்கள் நீங்கள்.

பதினான்கையும் கேட்கவில்லை. தொடரின் பிற்பகுதியில் சில படங்கள் எனக்கே அலுப்புத் தட்டின. முதல் படம் ஒன்று போதும்.

இப்படிக்கு,
பழைய துப்பறியும் படங்களின் ரசிகன் ஒருவன்