உள்நாட்டுப் போர் வராத ரோம் விளையாட்டு: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
விசைத்தறி உரிமையாளர் ஒருவர்,
பல்லடம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பிப்ரவரி அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் ரோம் கம்ப்யூட்டர் விளையாட்டில் உள்நாட்டுப் போர் தொடங்காதது, மூன்று முறை எழுதியும் சரிசெய்யாதது.

ஐயா / அம்மா, வணக்கமுங்க.

எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறவன் நான். ராத்திரி பத்து மணிக்குத் தறிக்குடோனை நைட் ஷிப்ட் ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், படுக்கும்வரை உங்கள் ரோம் விளையாட்டுத்தான். போன தீபாவளிக்கு 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்றிலிருந்து ஒரே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆட்டம் முழுக்க ஒரே ஒரு இடத்தை நோக்கித்தான் போகிறது. மக்கள் ஆதரவு எட்டுக் கட்டத்தைத் தாண்டி, ரோமின் ஆட்சிமன்றமான செனட்டிடம் நம் மதிப்பு மூன்றுக்குக் கீழே இறங்கினால், செனட் நம் குடும்பத் தலைவரை அரசின் எதிரி என்று அறிவிக்கும். அதற்குக் காத்திருக்கப் பிடிக்காதவர்கள் தாங்களாகவே ரோம் மீது படையெடுக்கலாம். இரண்டு வழியும் உங்கள் கையேட்டில் உள்ளவை. இதை நம்பித்தான் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) பிரதேசம் முழுக்கப் பிடித்தேன். பிடித்த ஊரிலெல்லாம் வரியைக் குறைத்து, விளையாட்டுப் போட்டிகள் நடத்தி, மக்கள் ஆதரவை ஒன்பதுக்குக் கொண்டுவந்தேன். செனட் கொடுத்த வேலைகளை வேண்டுமென்றே செய்யாமல் விட்டேன். மதிப்பு இரண்டுக்கு இறங்கியது. ராவென்னாவில் என் பதின்மூன்றாம் லீஜியனை (ரோமானியப் படைப்பிரிவை) நிறுத்தினேன். படையோடு தாண்டினாலே போர் என்கிற ரூபிகான் ஆறு அங்கிருந்து ஒரு கட்டம்தான்.

பிறகு டர்னை (என் முறை ஆட்டத்தை) முடித்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த டர்னிலும் இல்லை. இப்படிப் பதினான்கு டர்ன். சிசிலியிலிருந்து தானியக் கப்பல் வந்தது என்று ஓலை வருகிறது, ஏதோ ஊரில் கொள்ளைநோய் என்று வருகிறது, போர் மட்டும் வரவில்லை. பதினோராவது டர்னில், என்னை எதிரி என்று அறிவிக்க வேண்டிய அதே செனட் எனக்கு ஒரு குதிரைப்படையைப் பரிசாக அனுப்பியது. சரி, நாமே தொடங்குவோம் என்று படையை ரோம் பக்கம் நகர்த்தினால், ‘நட்பு நகரத்தைத் தாக்க முடியாது’ என்று வருகிறது. இரண்டு வழியும் அடைபட்டுப் போயிற்று.

இது என் ஆட்டத்தின் கோளாறு இல்லை என்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. என் அக்கா மகன் கோயம்புத்தூரில் பி.ஏ. வரலாறு படிக்கிறான். ஹாஸ்டலில் நெட் சரியாக வராததால் அவன் லேப்டாப்பில் அப்டேட் ஏறவே இல்லை. அப்டேட்டுக்கு முன்பு நான் சேவ் செய்துவைத்திருந்த ஃபைலை பென் டிரைவில் கொண்டுபோய் அதில் போட்டோம். அதே கட்டங்கள், அதே படைகள். மூன்றாவது டர்னில் சிவப்பு முத்திரையோடு செனட்டின் ஓலை வந்து நின்றது. “வந்துருச்சுங் மாமா!” என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பையன்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அதே ஃபைலை என் லேப்டாப்பில் திறந்தால் இன்றைக்கும் ஒன்றும் நடப்பதில்லை.

உங்களுக்கு இது சின்னக் குறையாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் போரை எடுத்துவிட்டால் அந்தக் காலத்து ரோமில் என்ன மிஞ்சும்? பொ.ஆ.மு. 88-இல், கிழக்கே பொந்தஸ் அரசர் மித்ரிடேட்டஸ் மேல் போகவிருந்த படைத்தலைமையைத் தன்னிடமிருந்து பிடுங்கிப் போட்டியாளர் மாரியஸிடம் கொடுத்ததற்காகத்தான் ரோமானியத் தளபதி சுல்லா சொந்த ஊர் மீதே படையைத் திருப்பினார். 49-இல் சீசரைப் படையை விட்டுவிட்டு வரச்சொன்னார்கள். ஜனவரி 7-ஆம் தேதி செனட் ‘கடைசி ஆணை’ எனப்படும் அவசரநிலை ஆணையைப் போட்டது. அதை எதிர்த்த மக்கள் பிரதிநிதிகள் அவரிடம் சேர ரோமை விட்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் பதின்மூன்றாம் லீஜியனோடு அவர் ரூபிகானைத் தாண்டினார். இந்தச் சண்டைகளெல்லாம் ஓய்ந்து தனியாளாக நின்ற முதல் பேரரசர் அகஸ்டஸின் தலை பொறித்த வெள்ளிக் காசுகள், எங்கள் நொய்யல் கரையில், வெள்ளலூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. அந்தக் காசைப் படத்தில் பார்த்துத்தான் ரோம் மேல் எனக்கு ஆசை வந்தது. அதற்காகத்தான் உங்கள் விளையாட்டை வாங்கினேன்.

உங்கள் கஸ்டமர் கேருக்கு மூன்று முறை எழுதினேன். முதலில் அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன், பாதி சேவ் ஃபைல்கள் போனதுதான் மிச்சம். அடுத்து மோடுகளை (விளையாட்டில் வெளியாட்கள் செய்து சேர்க்கும் மாற்றங்களை) எடுக்கச் சொன்னார்கள். நான் மோடு எதுவும் போட்டதே இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். மூன்றாவது தடவை, ‘விளையாட்டு வடிவமைத்தபடியே இயங்குகிறது’ என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பாவில் இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் துணி நெடுகப் பழுது விழும். வியாபாரி அந்தப் பழுதுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார். துணி இப்படித்தான் வரும் என்று அவரிடம் நான் சொல்ல முடியுமாங்க?

நான் கேட்பது இதுதான். என்னிடம் உள்ள இரண்டு சேவ் ஃபைல்களையும் ஸ்கிரீன்ஷாட்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விளையாட்டின் நிரலை எழுதுகிறவர் ஒருவர் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பிப்போக ஒரு வழியை இப்போதே கொடுங்கள். போர் தொடங்க இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பது திரையிலேயே தெரியும்படி செய்யுங்கள். அது தெரிந்திருந்தால் பதினான்கு டர்ன் காத்திருந்திருக்க மாட்டேன். 30 நாளுக்குள் இது சரியாகாவிட்டால் 1,499 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

ஆட்டத்தை நான் அழிக்கவில்லை. படை இன்னும் ராவென்னாவில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பல்லடம்.

இணைப்பு: சேவ் ஃபைல்கள் 2, ஸ்கிரீன்ஷாட்கள் 6, பணம் கட்டிய ரசீது.