முன்னிருக்கை தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள துடுப்புத் தோழர்களுக்கு,

முதல் நன்றி, இந்தப் பயணத்துக்கு வராதவருக்கு. முழங்கால் காயத்தால் கடைசி நேரத்தில் விலக வேண்டி வந்தது அக்காவுக்கு. இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் கேனோ என்ற ஒடுங்கிய படகில் ஒருவர் இல்லையென்றால் மற்றவர் பயணமும் கெட்டுப்போகும். அதனால் வலியோடு உட்கார்ந்துகொண்டே மாற்று ஆள் தேடி, முன்பின் தெரியாத என்னைப் பிடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து என் மூக்கு வரை எவ்வளவு உயரம் என்பதுதான் அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி. துடுப்பின் தண்டு ஏறத்தாழ அந்த நீளம் இருக்க வேண்டுமாம். தம்மிடம் இருந்தவற்றில் பொருத்தமானதை எடுத்து, லைஃப் ஜாக்கெட்டையும் நீர் புகாத பைகளையும் சேர்த்து அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “பின்னிருக்கைக்காரர் அதிகம் பேசமாட்டார். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.” அந்தச் சீட்டு இல்லாவிட்டால் முதல் நாளே நான் மனம் சோர்ந்திருப்பேன்.

பின்னிருக்கை அண்ணனுக்கு அடுத்த நன்றி. இரு முனையிலும் அலகு, அதாவது நீரைத் தள்ளும் தட்டையான பகுதி, உள்ள கயாக் படகுத் துடுப்புக்குப் பழகியவன் நான். ஒற்றை அலகுத் துடுப்பை ஒரே பக்கம் வலிக்கும்போது படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் அவர் துடுப்பை வெளிப்பக்கமாகச் சற்றே திருப்பித் தள்ளி அதை நேர்செய்துகொண்டே வந்தார். திசை அவர் பொறுப்பு, தாளம் என் பொறுப்பு. தாளம் குலைந்தபோதெல்லாம் அவர் குறை சொல்லவில்லை, என் தாளத்துக்குத் தம் தாளத்தை மாற்றிக்கொண்டார். கை ஓய்ந்த ஒரு பிற்பகலில் மட்டும், “கையால் இழுக்காதீர்கள், உடம்பைத் திருப்புங்கள். முதுகுத் தசை கையைவிட நெடுநேரம் தாங்கும்” என்றார். அன்று அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். மற்றபடி பக்கம் மாற்றச் சொல்லும் “மாற்று” ஒன்றே போதுமாக இருந்தது.

முன்னால் சென்ற படகின் இருவரிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. கடைசிப் படகு கண்ணில் படாத தூரத்துக்கு முதல் படகு போகக்கூடாது என்பது குழுவின் விதி. பல நாட்கள் அந்தக் கடைசிப் படகு எங்களுடையதே. நாங்கள் எட்டும்போதெல்லாம் நீங்கள் ஏதோ ஒரு பாறையின் மறைவில், ஓட்டம் அடங்கிய நீரில் நின்று வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். வழி தேடுகிறீர்கள் என்றுதான் நம்பினேன். இந்த ஆற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டக்கூடியவர்கள் நீங்கள் என்று பயணத்தின் இறுதியில் வேறொருவர் சொன்னார். அந்தப் பொய்யான வரைபட ஆராய்ச்சிக்கு என் மனமார்ந்த நன்றி. எங்களை எட்டவிட்ட உடனே கிளம்பிவிடாமல், நாங்களும் மூச்சு வாங்கிக்கொள்ளும் வரை நின்றீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஏரியைக் கடந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும் என்பதால் விடியுமுன் எழுப்பினீர்கள். நான் முணுமுணுத்தேன். அப்படியும் காற்று முந்திக்கொண்டது. பக்கவாட்டு அலையில் ஒரு படகு கவிழ்ந்தது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயன்படும்படி இயங்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் என்று மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கைப் புறப்படுமுன் நடந்த கூட்டத்தில் சொல்லியிருந்தீர்கள். அதைப் பாடமாகக் கேட்டிருந்தவன், நடைமுறையில் பார்த்தது அன்றுதான். விழுந்தவர்கள் முதலில் நீந்த முயலவில்லை. மிதந்தபடி மூச்சை அடக்கினார்கள், பிறகு மீட்புப் படகின் முனையைப் பற்றிக்கொண்டார்கள். மீட்க வந்த இருவர் கவிழ்ந்த கேனோவின் ஒரு முனையைத் தூக்கித் தங்கள் படகின் மேல் குறுக்காக இழுத்தார்கள். நீர் முழுவதும் வடிந்ததும் நிமிர்த்தி மறுபடி தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் அணைத்துப் பிடித்து இருவரையும் ஏற்றினார்கள். ஒருவரும் கத்தவில்லை. கரையில் உலர்ந்த உடைகளை எடுத்துக் கொடுத்தவர் தம் பையில் கடைசியாக இருந்த உலர்ந்த சட்டையையும் கொடுத்துவிட்டு இரவெல்லாம் ஈரத்தோடு இருந்தார். யார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்.

பாறைகள் நிறைந்த இடங்களில் இறங்கிப் பார்த்து, சுமை ஏற்றிய படகுக்கு ஏற்றதல்ல என்று முடிவெடுத்துத் தரைவழியாகத் தூக்கிச் சென்றபோதெல்லாம், என் பங்குக்கு மேல் சுமந்தவர்களுக்கும் நன்றி. கேனோவைத் தலைகீழாகத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு எதிரே வருபவரின் காலணி மட்டும்தான் தெரியும். அந்தக் காலணிகளை இனி எங்கு கண்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

கரையிலேயே இருந்தவர்களை மறந்துவிடக்கூடாது. வண்டிகளை முடிவிடத்துக்கு ஓட்டிச் சென்று நிறுத்திவிட்டு, ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து வீடு திரும்பிய இரு ஓட்டுநர்கள் ஒருநாள்கூடத் துடுப்பைத் தொடவில்லை. எங்கள் வழித்தடம், படகுகளின் நிறம், ஆட்களின் எண்ணிக்கை, எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக்குழுவை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மாவுக்கு, காற்றினால் நாங்கள் தாமதித்த அந்த மாலை எப்படிக் கழிந்ததோ! குறித்த நேரம் வரும்வரை பதறாமல் இருந்தார். அது எளிதன்று.

அக்கா, உங்கள் துடுப்பைத் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறேன்; இந்த வாரம் வந்து சேரும். முழங்கால் ஆறியதும் முன்னிருக்கை உங்களுடையது. அடுத்த பயணத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். எந்தப் படகிலாவது இடமிருந்தால் சொல்லுங்கள், பின்னிருக்கையை மட்டும் இப்போதைக்கு என்னிடம் ஒப்படைக்க வேண்டாம்.

அன்புடன்,
கடைசிப் படகின் முன்னிருக்கைக்காரன்