ஏபர் போன கதை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டிவலி அப்படியே. சுந்தரம் இன்னும் அதே வாடகை வீட்டில், அதே சண்டையோடு.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக ஒரு ஜெர்மன் பீரங்கிப் படகு என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெயர் ஏபர். கீல் நகரில் கட்டி, 1887-இல் கடற்படையில் சேர்த்தார்கள். ஒன்றரை வருஷம்தான் ஓடியது.

1888 அக்டோபரில் அதிலிருந்து 36 பேர் நவூரு தீவில் இறங்கினார்கள். அங்கே பத்து வருஷமாக உள்நாட்டுச் சண்டை. தீவைச் சுற்றி நடந்து, தலைவர்களைப் பிடித்து வந்து இரவெல்லாம் காவலில் வைத்து, காலையில் கொடியேற்றி, தீவு ஜெர்மனிக்குச் சொந்தம் என்றார்கள். துப்பாக்கிகளை ஒப்படைக்க ஒரே நாள் கெடு. 765 துப்பாக்கிகள் வந்து குவிந்தன. இத்தனைக்கும் வந்தவர்கள் 36 பேர்தான்; நம் தெருக் கோயில் பந்தலுக்கே அதைவிட அதிக ஆள் வேண்டும்!

அப்புறம் பசிபிக் தீவான சமோவா. 1889 மார்ச்சில் ஆபியா துறைமுகத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் மூன்று, அமெரிக்கப் போர்க்கப்பல் மூன்று, எதிரும் புதிருமாக. கூட ஆங்கிலேயரின் காலியோப். துறைமுகமோ வடக்கே வாய் திறந்த பவளப்பாறைப் பொறி. புயல் வருகிறது என்று காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் முதலில் கிளம்பினால் மானம் போய்விடுமாம்! ஒருவரும் அசையவில்லை. எனக்குக் கொதிப்பதே இங்கேதான்.

16-ஆம் தேதி விடியும் முன் ஏபர் பாறை விளிம்பில் மோதி மூழ்கியது. 73 பேர் போய்விட்டார்கள். இன்னொரு ஜெர்மன் கப்பலான ஆட்லரை அலை தூக்கிப் பாறைமேல் சாய்த்துப் போட்டது. காலியோப் மட்டும் முழு நீராவியில், மணிக்கு ஒரு கடல் மைல்கூடத் தேறாமல், காற்றை எதிர்த்து ஊர்ந்து வெளியேறியது. கொதிகலன் அணைந்து, தான் பிழைப்போமா என்றே தெரியாத அமெரிக்கக் கப்பல் டிரென்டனின் மாலுமிகள் அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்களாம். இன்னொன்று கேள்: மூன்று மாதம் முன்புதான் ஜெர்மானியரோடு சண்டை போட்ட சமோவாக்காரர்கள், கைகோத்து அலைக்குள் இறங்கி அதே ஜெர்மானியரை இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

நீ எத்தனை வருஷம் எஞ்சின் அறையில் வெந்தவன். சொல், நீ ஏபர் கப்பலில் இருந்து, காற்றழுத்தம் இறங்குவது தெரிந்தும் கேப்டன் அசையாமல் இருந்தால் என்ன செய்திருப்பாய்? விவரமாக எழுது, வழக்கமான நாலு வரி செல்லாது.

அன்புடன்,
ராமு