இன்ஜினைக் கடைசியில் வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்கள் அத்தனையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மா இன்னும் "வீடு வாங்க வேண்டிய காசில் ஓட்டைப் படகு வாங்கியிருக்கிறாள் உன் மகள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு உன் மேல் கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமைதான். இத்தனை வருஷம் கப்பலிலும் துறைமுகத்திலும் அடுத்தவன் இன்ஜினையே பார்த்துப் பார்த்து ரிட்டயர் ஆனவனுக்கு அது இருக்கத்தானே செய்யும்.

நீ கேட்டது ஒரே கேள்வி, எந்த இன்ஜின் போடலாம் என்று. போனில் பதில் சொன்னால் அன்று ராத்திரியே ஆர்டர் போட்டுவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்ஜின் கடைசி. படகின் உடம்பு, டாங்க், எடை, நீ வருஷத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுவாய் என்ற கணக்கு, இதெல்லாம் முடிந்த பிறகுதான் அது. பழைய படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், பளபளவென்று இரண்டு இன்ஜினை இறக்கிவிட்டு, அப்புறம் அதன் அடியில் இருக்கிற கட்டை உளுத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

உன் கையில் இருப்பது பெர்ட்ராம் 31 என்ற மோட்டார் படகு, அதுவும் 1969-இல் செய்தது. மாப்பிள்ளை விலையைப் பார்த்து வாங்கினாரோ அழகைப் பார்த்து வாங்கினாரோ, நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். 1958-இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைக்கான பாய்மரப் படகுகள் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த ஒரு சின்ன மோட்டார் படகு அலையைப் பொருட்படுத்தாமல் ஓடுவதை, உன் படகுக்குப் பெயர் தந்த டிக் பெர்ட்ராம் பார்த்தார். பார்த்தவர் விடவில்லை, அதே மாதிரி பெரிதாக ஒன்று வேண்டும் என்று ஹன்ட்டையே பிடித்தார். அப்படி வந்ததுதான் மாப்பி என்ற மரப்படகு, அவர் மனைவியின் செல்லப்பெயர் அது. 1960-இல் மயாமியிலிருந்து பஹாமாஸில் உள்ள நஸ்ஸாவுக்கு நடந்த பந்தயத்தில் எட்டடி அலைக்குள் புகுந்து சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது மாப்பி. அடுத்து வந்ததும் ஹன்ட் வரைந்த படகுதான், இரண்டு மணி நேரம் கழித்து. மற்றவர்கள் வந்தது மறுநாள். அந்த மரப்படகின் உடம்பை வைத்தே அச்சு எடுத்து ஃபைபர்கிளாஸில் வார்த்து 1961-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைத்தார்கள். 1983 வரை அந்த மாடல் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அதனால் உனக்கு உதிரிபாகமும் கிடைக்கும், இந்தப் படகை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஆளும் ஃப்ளோரிடாவிலேயே கிடைப்பார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஜின் விஷயமே அந்த உடம்பின் வடிவத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன் வந்த வேகப்படகுகளில் முன்பக்கம் V மாதிரி இருக்கும், பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். ஹன்ட் அந்த V-யைக் கடைசி வரைக்கும் அப்படியே கொண்டுபோனார். அலையில் விழும்போது பலகை மாதிரி அடிக்காமல் வெட்டிக்கொண்டு இறங்கும். ஆனால் எதுவும் சும்மா கிடைக்காதே. நின்ற இடத்தில் இந்தப் படகு உருளும், தண்ணீரை வாரி முகத்தில் அடிக்கும், தட்டையான படகைவிட இதைத் தண்ணீர் மேல் எழுப்பிச் சறுக்க வைக்கக் கூடுதல் சக்தி வேண்டும். எடை ஏற ஏற இந்த மூன்றில் கடைசி விஷயம்தான் உன் பர்ஸைக் கடிக்கும். படகு மொத்தமே ஐந்து டன் பக்கம்தான். அதில் நீ எங்கே எவ்வளவு எடை வைக்கிறாய் என்பதை வைத்துத்தான் அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்குமா அமுங்குமா என்பது.

சரி, உடம்பு. வெறும் கையோடு போகாதே, பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல் ஒன்று எடுத்துக்கொள். இன்ஜின் உட்காரும் நீளக் கட்டைகளை, அங்கே ஸ்ட்ரிங்கர் என்பார்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்கிற இடம் நல்ல இடம், தொப்பென்று கேட்டால் உள்ளே ஈரம். பெரும்பாலும் இன்ஜின் மவுன்ட் போல்ட் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கும், அதனால் அங்கே நிதானமாகத் தட்டு. குறுக்குத் தடுப்புப் பலகைகளின் அடி விளிம்பு, பின்சுவர், மேல்தளத்தில் போல்ட் போட்ட இடமெல்லாம் பார். தண்ணீருக்கு அடியில் உள்ள தோல் கெட்டியான ஃபைபர்தான், அந்தக் காலத்தில் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கடல்தண்ணீர் வால்வுகளைக் கொஞ்சம் சுரண்டிப் பார், உலோகம் ரோஸ் நிறமாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து வெறும் செம்புக் கூடுதான் மிச்சம், கையால் முறித்துவிடலாம். தூக்கிப் போட்டுவிட்டு நல்ல வெண்கல வால்வு மாட்டு. இந்தச் செலவில் பேரம் பேசாதே.

அப்புறம் டாங்க். இதை நீ ஒரு படத்தில்கூட எடுக்கவில்லை! ஃபைபர் டாங்காக இருந்தால் அதை வைத்துக்கொண்டு பெட்ரோல் ஓட்ட நினைக்கவே நினைக்காதே. அங்கே பம்பில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரெசினை அது கரைத்துவிடும், கரைந்தது கறுப்புப் பிசினாக இன்ஜினுக்குள் போய் வால்வில் ஒட்டும். 2004 வாக்கில் நியூயார்க், கனெக்டிகட் பக்கம் எத்தனால் கலக்க ஆரம்பித்தபோது பழைய படகுக்காரர்கள் பலர் இப்படித்தான் இன்ஜினை இழந்தார்கள். அலுமினிய டாங்காக இருந்தால் அடிப்பக்கம், ஃபோம் ஒட்டியிருக்கிற இடத்தில், ஈரம் தங்கி அரித்திருக்கும். எதுவானாலும் 50 வருஷத்துக்கு மேலான டாங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும், பழைய இன்ஜினைத் தூக்கிய கையோடு எடுத்தால் பாதி வேலை மிச்சம். புது இன்ஜினை இறக்கிய பிறகு அதைத் திரும்பக் கழற்றி டாங்க் மாற்றுகிற கொடுமை உனக்கு வேண்டாம்.

இப்போது இன்ஜின். மாப்பிள்ளை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 370 குதிரைசக்தி போடலாம் என்று பார்க்கிறார் என்றாய். எதற்கு? கணக்குப் பார்ப்போம். ஆள், எண்ணெய், சாமான் எல்லாம் சேர்த்து ஐந்தரை டன் என்று வை. இதை 22 நாட், அதாவது மணிக்கு 22 கடல் மைல் வேகத்தில் ஓட்ட இரண்டு இன்ஜினும் சேர்ந்து 250 குதிரைசக்தி பக்கம் கொடுத்தால் போதும். டீசலை அதன் முழுச் சக்தியில் 60, 65 சதவீதத்தில் ஓட்டினால்தான் நீண்ட நாள் உழைக்கும். அப்படிப் பார்த்தால் பக்கத்துக்கு 210-லிருந்து 250 வரை இருந்தாலே தாராளம். அதற்கு மேல் போடுவதெல்லாம் வேகத்துக்கு, எடைக்கு, சூட்டுக்குக் கொடுக்கிற காசு.

பெட்ரோலா டீசலா என்றால், நான் டீசல்காரன், என் பதில் உனக்குத் தெரியும், ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன். 250 குதிரைசக்திக்கு மணிக்குப் பெட்ரோல் 80 லிட்டர் பக்கம் குடிக்கும், டீசல் 53, 54 லிட்டர். ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து பஹாமாஸ் தீவான பிமினி சுமார் 50 கடல் மைல், போகிற வழிக்கு மட்டும் 60 லிட்டர் வித்தியாசம். நீ வாரக்கடைசியில் மட்டும் கால்வாய்க்குள் சுற்றிவிட்டு வருகிற ஆளாக இருந்தால், இந்த மிச்சம் டீசல் இன்ஜின் விலையை உன் ஆயுசுக்கும் ஈடு கட்டாது, பேசாமல் இரண்டு புது பெட்ரோல் வி-8 போட்டுக்கொள். பிமினி போவேன் என்கிறாய், வளைகுடா நீரோட்டத்தைத் தாண்ட வேண்டும். நீரோட்டம் வடக்கே போகும், காற்று வடக்கிலிருந்து எதிரே வந்தால் அலை செங்குத்தாக எழும்பும். அங்கே நடுவில் வைத்துப் பெட்ரோல் இன்ஜினின் இக்னிஷன் காயில் நனைந்து நிற்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிவயிற்றில் இறங்கித் தங்கிவிடும், மேலே போகாது. ஒரு சின்னப் பொறி போதும். வீட்டில் சிலிண்டர் கசிந்தால் அம்மா முதலில் ஜன்னலைத்தானே திறப்பாள், படகில் அந்த அடிவயிற்றுக்கு ஜன்னல் கிடையாது. நீ போடப்போவது டீசல் என்று முடிவாகிவிட்டால் என் தூக்கத்துக்கும் நல்லது.

எந்த டீசல் என்றால், அந்தப் படகில் நிறையப் பேர் போட்டிருப்பது கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசையாக. அங்கே 1989-லிருந்து டாட்ஜ் பிக்கப்பில் வந்ததும் அந்தக் குடும்பம்தான், நம் ஊரில் டாடா லாரியில் ஓடியதும் அதுதான், ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்தது. உன் ஊர் மெக்கானிக்கும் தெரியும் என்பார், நானும் போனிலேயே கை காட்ட முடியும். மெக்கானிக்கல் பம்ப் வைத்தது இனி புதிதாக வராது, நன்றாக ரீபில்ட் செய்ததைத்தான் தேட வேண்டும். புதிது வேண்டும் என்றால் எலெக்ட்ரானிக் 6.7 லிட்டர், சத்தமும் புகையும் குறைவு, ஆனால் லாப்டாப் இல்லாமல் கை வைக்க முடியாது. என் மனசு பழையதில்தான். ஆஃப்டர்கூலர் வைத்ததாக இருந்தால் அதை மாட்டுவதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து, சீலுக்கு கிரீஸ் போட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து மாட்டச் சொல். காற்றைக் குளிர்விக்க அதற்குள் கடல்தண்ணீர் ஓடுகிறது, ஓட்டை விழுந்தால் உப்புத்தண்ணீர் நேராக சிலிண்டருக்குள். கியர்பாக்ஸ் இல்லாமலே ஒவ்வொன்றும் அரை டன் பக்கம் எடை, பழைய இன்ஜினை வெளியே எடுக்கும்போது கிரேனில் தராசு மாட்டி எடை பார்த்து எழுதி வை, கூடியது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பேட்டரியைப் பின்னால் தள்ளி வைக்கிற மாதிரி சின்னச் சின்ன சமாளிப்பில் சரிக்கட்டிவிடலாம்.

உன் பழைய இன்ஜின் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அந்தக் காலத்து ஜோடி வி-8-களில் ஒன்று பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு புரொப்பெல்லரும் வெளிப்பக்கமாகச் சுற்றினால்தான் கரையில் கட்டும்போது படகு சொன்ன பேச்சு கேட்கும், அதற்காக இன்ஜினையே திருப்பிச் செய்தார்கள். கேம் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், ஆயில் சீல் எல்லாம் வேறு. இப்போது இன்ஜின் இரண்டும் ஒரே திசை, கியர்பாக்ஸ் பார்த்துக்கொள்ளும். அதனால் பழைய கியர்பாக்ஸை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. சில பழைய கியர்பாக்ஸை ரிவர்ஸில் வைத்துத் தொடர்ந்து ஓட்டவே கூடாது.

இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகிற தண்டு, ஷாஃப்ட், அதுவும் அப்படித்தான். பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,400 சுற்றில் கொடுப்பதை டீசல் 2,600-இல் கொடுக்கும், முறுக்கு விசை கூடிவிடும், பழைய தடிமன் போதாமல் போகலாம். விட்டத்தை அளந்து அனுப்பு. கூடுதல் தடிமன் என்றால் அதைத் தாங்குகிற ஸ்ட்ரட், பேரிங், குழாய் எல்லாம் சேர்ந்து மாறும், இந்தச் செலவை யாரும் கொட்டேஷனில் முதலில் எழுத மாட்டார்கள். புரொப்பெல்லரைப் பெரிதாகப் போட இடமும் வேண்டும், நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவில் விட்டத்தில் 15 சதவீதமாவது இடைவெளி விடு, இல்லாவிட்டால் உள்ளே உட்கார முடியாதபடி அதிரும்.

புரொப்பெல்லர் பற்றி ஒன்றே ஒன்று. டாங்க் நிறைத்து, ஆட்களை ஏற்றி, முழு த்ராட்டில் தள்ளினால் இன்ஜின் தன் தகட்டில் போட்ட சுற்றைத் தொட வேண்டும், கொஞ்சம் தாண்டினால் இன்னும் நல்லது. தொடவில்லை என்றால் புரொப்பெல்லர் கனம், பிட்சை, அதாவது அதன் இலைகளின் சாய்வை, குறைக்க வேண்டும். இங்கே நம் மீன்பிடித் துறைமுகத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு வருகிற விசைப்படகுகளை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், இன்ஜினைத் திட்டுவார்கள், பாதி நேரம் தப்பு அடியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அலைன்மென்ட்டை, அதாவது இன்ஜினையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டில் கொண்டுவருகிற வேலையை, தரையில் வைத்து முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொள். ஸ்டாண்டில் நிற்கும்போது படகின் உடம்பு ஒரு வடிவம், தண்ணீரில் இன்னொரு வடிவம். இறக்கி, டாங்க் பாதிக்கு மேல் நிறைத்து, ஒரு நாள் விட்டு, பிறகு கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேருகிற கப்ளிங் தட்டு இரண்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு விட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். ஐந்து அங்குல கப்ளிங் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. நீயே கூட நின்று பார், அவர்கள் கேஜைக் காட்டும்போது படம் எடு.

அம்மா கேட்கச் சொன்னாள், லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், வாங்கிவிடு.

இப்போதைக்கு எனக்கு வேண்டியவை: டாங்க் படம், ஷாஃப்ட் விட்டம், அப்புறம் இரண்டு கியர்பாக்ஸின் பக்கவாட்டிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், பெயின்டுக்கு அடியில் இருக்கலாம், சுரண்டி அதில் உள்ள மாடல் எண்ணும் விகிதமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு. அதுவரை பழைய இன்ஜினை "ஒரு தடவை ஓடுகிறதா பார்ப்போம்" என்று மாப்பிள்ளை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செய்தே ஆவேன் என்றால் எல்லா மூடியையும் திறந்து, ஆவியை வெளியே தள்ளுகிற விசிறியான ப்ளோவரைக் குறைந்தது நான்கு நிமிஷம் ஓட விட்டு, குனிந்து மோந்து பார்த்துவிட்டு. வாசனை வந்தால் சாவியைத் தொடாமல், பேட்டரி ஒயரில்கூடக் கை வைக்காமல் இரண்டு பேரும் இறங்கி வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அப்பா